நாடகக் குழு தொடங்குவோருக்கு: டிக்கெட், மானியம், ஒத்திகைக் கூலி

புதிதாக நாடகக் குழு தொடங்குகிறவர்கள் முதலில் கதையைத் தேடுவார்கள், பிறகு ஆட்களை, பிறகு அரங்கத்தை. பணக் கணக்கு கடைசியில்தான் வரும். அதுவும் யாராவது ஒருவருடைய சம்பளத்திலிருந்து வரும். இரண்டாவது மூன்றாவது நாடகத்தோடு ஒரு குழு நின்றுபோனால், பெரும்பாலும் காரணம் இதுதான். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் பத்துப் பேர் அளவிலான நவீன நாடகக் குழுவை மனதில் வைத்து எழுதப்பட்டது. கூத்து, நடனம், இசைக் குழுக்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

டிக்கெட் மட்டும் ஏன் போதாது

வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஆலையில் புது இயந்திரம் வந்தால் அதே ஆட்கள் அதிகம் உற்பத்தி செய்கிறார்கள், கூலியும் ஏறுகிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான், நேரமும் அதேதான். விடியவிடிய ஆடும் கூத்துக்கு இன்றும் விடியும்வரை ஆள் வேண்டும். வெளியே ஏறும் கூலிக்கு ஈடாகக் கலைஞருக்கும் ஏற்றிக் கொடுத்தால் செலவு கூடும், கொடுக்காவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். செலவுக்கும் டிக்கெட் வரவுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி ஆண்டுக்காண்டு அகலும். நிர்வாகம் சரியில்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நிகழ்கலையின் இயல்பே இப்படித்தான், அரசு மானியத்துக்கு அடிப்படை நியாயமும் இங்கிருந்துதான் வருகிறது.

தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகம் இதற்குத் தன் வழியில் ஒரு தீர்வு கண்டது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். எல்லோருக்கும் பாடம் தெரியும், மேடையில் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒத்திகைச் செலவு என்ற தலைப்பே அந்தக் கணக்கில் கிடையாது. நவீன நாடகமோ ஒத்திகையில்தான் உருவாகிறது. எனவே அதன் மிகப் பெரிய செலவும் ஒத்திகைதான்.

செலவை இரண்டு தாளில் எழுதுங்கள்

முதல் தாளில் தயாரிப்புச் செலவு: நாடகம் உருவாக ஒரே முறை ஆகும் செலவு. இரண்டாவது தாளில் காட்சிச் செலவு: ஒவ்வொரு முறை மேடையேற்றும்போதும் ஆகும் செலவு. இரண்டையும் கலந்து எழுதினால் பிறகு எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது. கீழே உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

8 நடிகர்கள், 40 நாள் மாலை ஒத்திகை, 75 நிமிட நாடகம் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்புச் செலவு:

- நடிகர் ஒத்திகைக் கூலி (8 பேர் × 40 நாள் × 400): 1,28,000
- இயக்குநர்: 40,000
- நாடகம் எழுதியவர்: 15,000
- உடை: 24,000
- செட், கைப்பொருள்கள்: 30,000
- இசை: 15,000
- ஒத்திகை இட வாடகை (40 × 500): 20,000
- டீ, சிற்றுண்டி (40 × 300): 12,000
- போஸ்டர், புகைப்படம்: 10,000
- எதிர்பாராச் செலவு: 26,000

மொத்தம் 3,20,000 ரூபாய்.

ஒரு காட்சிக்கு: நடிகர்கள் 8,000, லைட், சவுண்டு இயக்கும் இருவருக்கு 3,000, அரங்க வாடகை 12,000, லைட் வாடகை 8,000, சவுண்டு 4,000, வண்டி 4,000, சாப்பாடு 3,600, விளம்பரமும் டிக்கெட் அச்சும் 2,400. மொத்தம் 45,000.

புதியவர்கள் அடித்துவிடும் முதல் வரி, ஒத்திகைக் கூலி. "நாம எல்லாரும் ஆர்வத்துலதானே வர்றோம்" என்பார்கள். ஆர்வம் உண்மைதான். ஆனாலும் அந்த வரியை அடிக்காதீர்கள். கூலி கொடுக்கப் பணம் இல்லையென்றால், செலவுப் பக்கத்தில் 1,28,000 என்று எழுதி, வரவுப் பக்கத்தில் "நடிகர்கள் விட்டுக்கொடுத்த கூலி 1,28,000" என்று எழுதுங்கள். இயக்குநர், எழுதியவர் தொகைகளையும் சேர்த்தால் 1,83,000. தயாரிப்புச் செலவில் பாதிக்கு மேல். குழுவின் மிகப் பெரிய புரவலர் யார் என்பது அப்போதுதான் தாளில் தெரியும்.

இந்த வரி இல்லாவிட்டால் மூன்று இடங்களில் அடி விழும். அடுத்த நாடகத்துக்கு மானியம் கேட்கும்போது, சென்ற நாடகத்தை மிகக் குறைந்த செலவில் முடித்ததாக உங்கள் கணக்கே சாட்சி சொல்லும். வெளியூர்க் காட்சிக்கு விலை சொல்லும்போது அடக்கவிலையே தெரியாமல் சொல்வீர்கள். மூன்றாவதுதான் மிக மோசமானது: 40 மாலைகளைச் சும்மா கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் குழுவில் மிஞ்சுவார்கள். நாள் கூலிக்குப் போகிறவர், கடையில் நிற்கிறவர், வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வருகிற பெண் ஆகியோர் பத்தாம் நாளில் நின்றுவிடுவார்கள். யார் கலைஞராக முடியும் என்பதைத் திறமைக்கு முன்பே இந்த 400 ரூபாய் முடிவு செய்துவிடுகிறது. பண்பாட்டுக் கொள்கை பற்றிய பெரிய விவாதங்களின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முழுக்கூலி முடியாவிட்டால், முதலில் பஸ் செலவும் டீயும், பிறகு பாதிக்கூலி என்று படிப்படியாக ஏறுங்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கொடுங்கள்.

டிக்கெட் விலை

250 இருக்கை அரங்கம். 150 பேர் வந்தாலே நல்ல கூட்டம். அதில் 20 பேர் பாஸில் வருவார்கள். 130 பேர், தலைக்கு 200 ரூபாய்: வரவு 26,000. காட்சிச் செலவு 45,000. ஒவ்வொரு காட்சியிலும் 19,000 கைவிட்டுப் போகும்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "நிறையக் காட்சி போட்டால் போட்ட பணம் வந்துவிடும்" என்று நினைப்பது. காட்சிச் செலவுக்குக் கீழே வரவு இருக்கும்வரை, காட்சி கூடக்கூட நட்டமும் கூடும். பத்துக் காட்சி போட்டால் 1,90,000 நட்டம், தயாரிப்புச் செலவு அப்படியே நிற்கும். காட்சிச் செலவு மட்டும் எழ டிக்கெட் சுமார் 346 ரூபாய் இருக்க வேண்டும். தயாரிப்புச் செலவை 20 காட்சிகளுக்குப் பங்கிட்டால் ஒரு காட்சியின் பங்கு 16,000. அதையும் எடுக்க டிக்கெட் சுமார் 470 ஆகும்.

விலையை ஏற்றுவதற்கு முன் காட்சிச் செலவை இறக்கப் பாருங்கள். அரங்கமும் லைட்டும் மட்டும் 20,000 தின்கின்றன. நாடகத்தை உருவாக்கும்போதே, பள்ளிக்கூடக் கூடத்திலும் நூலக முற்றத்திலும் ஆடும்படி லைட் தேவையைக் குறைத்து ஒரு இரண்டாம் வடிவம் வைத்துக்கொண்டால், இந்த ஒரு முடிவே குழுவைப் பல ஆண்டுகள் ஓட்டும். செட் எல்லாம் ஒரே டெம்போவில் ஏறுமா என்பதையும் வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது வண்டி வந்தால் ஒவ்வொரு காட்சியிலும் 4,000 கூடும்.

வரி பற்றிச் சுருக்கமாக. நாடகம், நடனம், இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மிகாவிட்டால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாட்டுப்புற அல்லது செவ்வியல் வடிவங்களில் இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் ஊதியம் 1,50,000 ரூபாய்க்கு மிகாவிட்டால் அதற்கும் விலக்கு உண்டு. விளம்பரத் தூதராக வாங்கும் பணத்துக்கு இது பொருந்தாது. நவீன நாடகம் தானாக இந்த இரண்டாவது விலக்கில் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சேவை தருவோருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் என்பதால் சிறு குழுக்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி. அரங்கம் பதிவு செய்யும் வாரத்திலேயே மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அழைப்புக் காட்சிக்கு விலை சொல்வது

சிறு குழுவைக் காப்பாற்றுவது டிக்கெட் காட்சியைவிட அழைப்புக் காட்சிதான். கல்லூரி, இலக்கிய அமைப்பு, சபா, நிறுவனம் யாராவது மொத்தமாக ஒரு தொகை பேசி அழைப்பார்கள். கல்லூரியே அரங்கம், லைட், சவுண்டு, சாப்பாடு தந்தால் உங்கள் செலவு நடிகர் 8,000, தொழில்நுட்பம் 3,000, வண்டி 4,000, ஆக 15,000. இதனுடன் தயாரிப்புப் பங்கு 16,000 சேர்த்தால் 31,000. நிர்வாகச் செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 34,000 அல்லது 35,000 சொல்லலாம். பேரம் வரும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது போனை எடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: 15,000க்குக் கீழே போனால் கைப்பணம் போட்டு ஆடுகிறீர்கள்.

பாதி முன்பணம், மீதி மேடையேறும் முன், ரத்தானால் முன்பணம் திரும்பாது, வீடியோ எடுக்கத் தனி அனுமதி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் பேசியது பேசப் பேச மாறிவிடும்.

இன்னொருவர் எழுதிய கதையை நாடகமாக்கினால் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஊர் தெரிந்த எழுத்தாளர் என்பதால் உரிமை பொதுச்சொத்தாகிவிடாது. வாரிசுகளைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம், ஒத்திகை தொடங்கும் முன்பே தேடுங்கள். சினிமாப் பாட்டை ஒலிப்பதிவிலிருந்து போடுவதற்கும் உரிமம் தேவை.

பதிவும் கணக்கும்: முதல் நாளே

மத்திய அரசின் மானியத் திட்டங்கள் பொதுவாக மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்குக் கேட்கும். அதனால் மானியம் தேவைப்படும்போது பதிவு செய்யலாம் என்று இருந்தால் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேரும். வரிசை இது:

1. சங்கம் அல்லது அறக்கட்டளை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். அறக்கட்டளை சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து தொடங்குவது, ஆள் குறைவாக இருந்தாலும் முடியும். குழுவில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பதாக இருந்தால் சங்கமே மேல்.
2. குழுவின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து.
3. தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் இணையதளமான என்ஜிஓ தர்பணில் பதிவு. இந்த எண் இல்லாமல் மத்திய பண்பாட்டு அமைச்சகத்தில் விண்ணப்பமே நகராது.
4. குழுவுக்கு வருமான வரி விலக்குத் தரும் பதிவு (12ஏ என்று அறியப்பட்டது), நன்கொடையாளருக்கு விலக்குத் தரும் பதிவு (80ஜி என்று அறியப்பட்டது). இதற்கு ஒரு ஆடிட்டர் வேண்டும்.
5. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) கேட்பதாக இருந்தால் சிஎஸ்ஆர்-1 படிவம்.

சங்கத்தின் ஆண்டறிக்கையையும் நிர்வாகிகள் பட்டியலையும் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதை இரண்டு ஆண்டு விட்டுவிட்டுப் பிறகு சரிசெய்ய அலைவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. கூலியையும் வாடகையையும் வங்கி வழியே கொடுங்கள். கையில் கொடுத்தால் வவுச்சரில் பெயர், தேதி, வேலை, கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும்.

பொதுப்பணம் எங்கே இருக்கிறது

எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு. 2025–26 மத்திய பட்ஜெட்டில் பண்பாட்டு அமைச்சகத்துக்குச் சுமார் 3,360 கோடி. மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். அரசு செலவிடும் 10,000 ரூபாயில் பண்பாட்டுக்குச் சுமார் 7 ரூபாய், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போகிறது. மிச்சத்தில்தான் நூலகங்கள், அருங்காட்சியகங்கள், அகாதமிகள், பிறகு நாடு முழுவதும் உள்ள குழுக்கள். இது போதாது என்று உரக்கச் சொல்ல வேண்டியது கலைஞர்களின் உரிமை. ஆனால் இருக்கிற பணத்தைக் கேட்காமல் விடுவதால் அது கூடிவிடாது.

மத்திய அமைச்சகத்தின் குரு–சிஷ்ய மரபு உதவி, பேச்சுவழக்கில் ரெபர்ட்டரி மானியம், குழுவுக்கு மாதாந்தர ஊதியம் தருவது. குருவுக்கு மாதம் 15,000, சிஷ்யருக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. நாடகத்துக்கு ஒரு குருவுக்கு 18 சிஷ்யர் வரை, இசை நடனத்துக்கு 10 வரை. ஒத்திகைக் கூலி என்ற ஓட்டையை நேராக அடைக்கும் திட்டம் இதுதான் என்பதால் முதலில் இதைக் குறிவையுங்கள். இதன் பெயரிலேயே ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது: பாரம்பரியக் கலையின் கற்றல் முறையை அச்சாக வைத்து எழுதிய திட்டத்துக்குள் எல்லோரும் சமம் என்று இயங்கும் நவீன நாடகக் குழு தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாளில் இயக்குநர் குருவாகவும் சக நடிகர்கள் சிஷ்யர்களாகவும் ஆகிறார்கள். இந்தப் பிரிவினை ஊதியத்தோடு நிற்கும்படி, குழுவின் முடிவுகளுக்குள் நுழையாதபடி, உங்கள் விதிமுறையில் முன்பே எழுதிவையுங்கள்.

பண்பாட்டு நிகழ்ச்சி, தயாரிப்பு மானியம் ஒரு திட்டத்துக்குப் பொதுவாக 5 லட்சம் வரை. செலவில் 75 விழுக்காடு வரைதான் தருவார்கள், மீதி உங்கள் பங்கு. தனி நபர்களுக்கு: 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000, ஆய்வு நல்கையில் இளையோர் பிரிவுக்கு மாதம் 10,000, மூத்தோர் பிரிவுக்கு 20,000. மூன்றும் இரண்டு ஆண்டுகளுக்கு. விதிகள் திருத்தப்படுவது உண்டு, அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

மாநிலத்தில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் கலை பண்பாட்டுத் துறையும் வாசல்கள். நாட்டுப்புறக் கலைஞர் என்றால் நல வாரிய உறுப்பினர் அட்டையை முதலில் எடுங்கள், கல்வி, திருமணம், விபத்து உதவிகள் அதன் வழியே வரும். மாவட்டக் கலை மன்றங்களின் கலை இளமணி முதல் கலை முதுமணி வரையான விருதுகளில் பணம் பெரிதல்ல, ஆனால் பிற்கால விண்ணப்பங்களில் அரசு அங்கீகாரச் சான்றாக உதவும். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் மானியத்தைவிட நிகழ்ச்சி வாய்ப்புத் தரும் இடம். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அரசு சாராதது, இந்திய மொழி எதிலும் எழுதலாம் என்பதால் தமிழிலேயே விண்ணப்பிக்க முடியும். நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு இருப்பதால் சிஎஸ்ஆர் நிதியும் கேட்கலாம். நடைமுறையில் பள்ளிக்கூடம், மருத்துவம் ஆகியவற்றோடு போட்டி என்பதால், அரசுப் பள்ளிகளில் நாடகப் பட்டறை போன்ற வடிவில் கேட்டால்தான் கதவு திறக்கும்.

விண்ணப்பமும் பணம் வரும் காலமும்

மானியம் யாருக்கு என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும். நாடகத்தின் தத்துவத்தை மூன்று பக்கம் எழுதாதீர்கள். என்ன நாடகம், யார் செய்கிறார்கள், எத்தனை நாள், எத்தனை காட்சி, எந்த ஊர்களில், எவ்வளவு செலவு என்று ஒரு பக்கம் போதும். தள்ளுபடி ஆவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்: பட்ஜெட் கூட்டுத்தொகை ஓரிடத்தில் ஒன்று, வேறிடத்தில் வேறொன்று. பான் அட்டையில் உள்ள பெயரும் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறியிருப்பது. வீடியோ இணைப்பு திறக்காதது. முந்தைய மானியத்துக்குக் கணக்கு முடிக்காதது.

இப்போது பணம் வரும் வழியைப் பார்க்கலாம். தயாரிப்பு 3,20,000, நான்கு காட்சிகள் 1,80,000, மொத்தத் திட்டம் 5,00,000. மானியம் 75 விழுக்காடு என்றால் 3,75,000. அதுவும் இரண்டு தவணை: முதலில் 75 விழுக்காடு, அதாவது 2,81,250, மீதி 93,750 எல்லாம் முடிந்து கணக்குக் கொடுத்த பிறகு. நாடகம் முடியும்வரை நீங்கள் புரட்ட வேண்டியது உங்கள் பங்கு 1,25,000, இரண்டாம் தவணை 93,750, ஆக 2,18,750. நான்கு காட்சி டிக்கெட்டில் 1,04,000 வந்தாலும் 1,14,750 எங்கிருந்தோ வர வேண்டும். மானியம் கிடைத்த குழுக்கள் கடனில் விழுவது இந்த இடத்தில்தான். வட்டிக்கு வாங்காதீர்கள், வட்டியை எந்த மானியக் கணக்கிலும் செலவாகக் காட்ட முடியாது. முதல் தவணை கணக்கில் ஏறிய பிறகே செட்டுக்கும் உடைக்கும் முன்பணம் கொடுங்கள். கேட்டதில் பாதிதான் அனுமதித்தால் என்ன செய்வது என்று இரண்டாவது பட்ஜெட்டும் தயாராக இருக்கட்டும். அதில் காட்சிகளையும் செட்டையும் குறையுங்கள், கூலியைக் கடைசியில் தொடுங்கள்.

விட்டுக்கொடுத்த கூலியை உங்கள் 25 விழுக்காட்டுப் பங்காகக் காட்டலாமா என்ற கேள்வி வரும். ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் இல்லாத எதையும் ஆடிட்டர் செலவாக ஏற்க மாட்டார். அது உங்கள் உள்கணக்குக்கு.

பயன்பாட்டுச் சான்றிதழ்

மத்திய மானியத்துக்கு, அரசின் பொது நிதி விதிகளில் (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும், ஆடிட்டர் கையெழுத்துடன். மானியம் எந்தத் தலைப்புக்கு வந்ததோ அந்தத் தலைப்பில்தான் செலவாகியிருக்க வேண்டும். உடைக்கு மிஞ்சியதை லைட்டுக்கு எடுத்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். மானியப் பணம் வங்கியில் இருந்த காலத்து வட்டியும் செலவாகாத மிச்சமும் அரசுக்குத் திரும்பிப் போக வேண்டியவை, அதற்காகவே மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

ரசீதுகளை ஒத்திகை நாளிலிருந்தே தேதிவாரியாக ஒட்டி, மங்கும் காகிதத்தில் வந்த பில்களை உடனே நகல் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் எழுத்து அழிந்துவிடும். ஒவ்வொரு காட்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் வந்தவர் எண்ணிக்கை, டிக்கெட் வரவு, செலவு மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் குழுவின் எல்லோருக்கும் காட்டுங்கள். அந்தத் தாளை வைத்து அடுத்த காட்சியின் 45,000ஐத் திருத்துங்கள்: வண்டி 5,000 ஆகியிருக்கும், சாப்பாடு குறைந்திருக்கும். ஐந்தாவது காட்சிக்குள் உங்கள் எண்கள் உண்மையான எண்களாகிவிடும், இரண்டாவது விண்ணப்பத்தை அவற்றை வைத்து எழுதுங்கள்.